மூக்கும் தூங்கும்: சேலத்து வீட்டில் ஒரு புகை அலாரம்

அம்மாபேட்டைப் பக்கம் விசைத்தறிக்கு அடுத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தறி ஓடிக்கொண்டிருக்கும்வரை தூக்கம் கலையாது. நடுராத்திரியில் கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டால் தெருவே எழுந்து உட்கார்ந்துவிடும். தூங்கும்போதும் காது காவல் காக்கிறது. பழகிய சத்தத்தை விட்டுவிடுகிறது, ஏதாவது மாறினால் தட்டி எழுப்புகிறது.

மூக்குக்கு அந்தப் புத்தி கிடையாது. 2004-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தூங்குகிறவர்களுக்கு வாசனை காட்டிச் சோதித்தார்கள். ஒன்று புதினா வகை வாசனை, இன்னொன்று பிரிடின் என்ற வேதிப்பொருளின் குமட்டும் நாற்றம். கண் சொருகுகிற நிலையில் இருந்தவர்கள் விழித்தார்கள். ஆழ்ந்து தூங்கிப்போனவர்களை இரண்டு வாசனையுமே எழுப்பவில்லை. ஒலி கொடுத்தபோது எழுந்தார்கள். "தீப்பிடித்தால் கருகல் வாசம் வராதா, எழுந்துவிட மாட்டோமா" என்று நாம் சொல்கிற பதில் இங்கே அடிபட்டுப் போகிறது. பால் தீயும் வாசத்துக்கு மூன்றாவது அறையிலிருந்து ஓடிவருகிற அதே அம்மாதான் ராத்திரி இரண்டு மணிக்கும் படுத்திருக்கிறார். மூக்கு மட்டும் அப்போது வேலையில் இல்லை.

புகை அலாரம் என்கிற வெள்ளை டப்பாவை நம் ஊர்க்காரர்கள் ஹோட்டல் அறையிலும் கம்பெனி ஆபீசிலும்தான் பார்த்திருப்பார்கள். வீட்டுக்கு வாங்க நினைக்கிற ஓரிருவரும் சமையல்கட்டில் மாட்ட வேண்டிய சாமான் என்றே நினைக்கிறார்கள். சமையல்கட்டில் நிற்கிறவருக்குக் கண் இருக்கிறது, மூக்கு இருக்கிறது. டப்பா தூங்குகிறவர்களுக்காக உண்டானது. எந்த வகை வாங்குவது, எங்கே மாட்டுவது, எங்கே மாட்டவே கூடாது என்பதெல்லாம் இந்த ஒன்றிலிருந்து வருகிறது.

2020 செப்டம்பர் தொடக்கத்தில் குரங்குச்சாவடி அருகே நரசோதிப்பட்டியில் நடந்ததை சேலத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விடிவதற்கு முன்னால் வீடு தீப்பிடித்து ஒரே குடும்பத்தில் 5 பேர் போனார்கள். அதில் இருவர் குழந்தைகள். 2022 மார்ச்சில் வேலூரில் ராத்திரி சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்தபோது ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். நெருப்பு ஓர் அறையில் எரிந்துகொண்டிருக்கும்போதே புகை அடுத்த அறைக்கு வந்துவிடும். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு உட்கார்ந்துகொள்ளும். சோபா, ஃபோம் மெத்தை, நைலான் திரை எரிந்தால் ஹைட்ரஜன் சயனைடும் சேரும். தூங்குகிறவர் இருமி எழுவார் என்று பலர் நினைக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு எழுப்பாது. தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடும்.

வீட்டுச் சாமான்கள் மாறிவிட்டன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நம் தாத்தா வீட்டில் கோரைப் பாய், மர பெஞ்ச், பருத்தித் துணி. இன்று ஹாலில் நிற்பதில் பாதி பெட்ரோலியத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் யூ.எல். ஆய்வுக்கூடம் பழைய காலச் சாமான்கள் வைத்த அறையையும் இன்றைய சாமான்கள் வைத்த அறையையும் கொளுத்திப் பார்த்துச் சொல்கிற கணக்கு இது: முன்பு தப்பிக்க சுமார் 17 நிமிடம் கிடைத்தது, இப்போது 3 நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான். அந்த மூன்று நிமிடத்தின் முதல் நொடியிலேயே எழுப்பிவிடுவதுதான் டப்பாவின் மொத்த வேலை.

டப்பாவுக்குள் இருப்பது இரண்டு விதம். முதல் விதத்தில் அமெரிசியம்-241 என்ற கதிரியக்கப் பொருள் கடுகளவுகூட இல்லாமல் துளியாக இருக்கும். அது காற்றை மின்னேற்றி ஒரு சிறு மின்னோட்டத்தை ஓடவிடும், புகை உள்ளே வந்தால் ஓட்டம் குறையும், அலாரம் அடிக்கும். இந்த வகைக்கு ஒரு வேடிக்கையான பூர்வீகம் உண்டு. 1930-களில் வால்டர் யேகர் என்ற சுவிஸ் விஞ்ஞானி விஷவாயுவைக் கண்டுபிடிக்கக் கருவி செய்யப் பார்த்தார். விஷவாயுவுக்கு அது அசையவில்லை. சலித்துப்போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார், கருவியின் முள் நகர்ந்தது. இரண்டாவது விதத்தில் ஒரு சிறிய இருட்டறை, அதில் ஒரு விளக்கு, விளக்கின் பார்வை படாத மூலையில் ஓர் ஒளி உணரி. புகைத்துகள் வந்தால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி உணரிமேல் விழும். ஓட்டுக்கூரையின் இடுக்கு வழியாக வருகிற வெயில் கோட்டில் தூசி பறப்பது தெரியுமே, அதே சங்கதிதான்.

கொழுந்துவிட்டு எரிகிற தீயின் மெல்லிய புகைக்கு முதல் வகை முந்திக்கொள்ளும். கனன்று கனன்று எழும் தடித்த புகைக்கு இரண்டாவது வகை முந்தும். நம் வீட்டில் ராத்திரி எது நடக்க வாய்ப்பு அதிகம்? கொசுவர்த்திச் சுருள் எட்டு மணி நேரம் கனலும். அதன்மேல் போர்வை நுனி விழுந்தால், இலவம்பஞ்சு மெத்தையின் ஓரம் பட்டால், சுடர் எழுவதற்கு முன் நெடுநேரம் உள்ளுக்குள்ளேயே புகையும். அணைத்ததாக நினைத்த பீடி, சாமி அறையில் எண்ணெய் வற்றித் திரி கருகுகிற விளக்கு, இளகிப்போன பிளக்கில் மெல்ல உருகுகிற வயர் எல்லாம் இந்த ரகம். அதனால் படுக்கையறைப் பக்கத்துக்கு என் ஓட்டு ஒளி வகைக்குத்தான். அட்டையில் 'போட்டோ எலக்ட்ரிக்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். பத்து வருடம் ஆனால் கத்தினாலும் கத்தாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும்.

சரி, எங்கே மாட்டுவது? என் சொந்தக் கதை இங்கே உதவும். ஆன்லைனில் வாங்கிய முதல் டப்பாவை நான் மாட்டியது ஹாலும் சமையல்கட்டும் சேருகிற நிலைவாசலுக்கு மேலே. மறுநாள் காலை மிளகாய் கிள்ளிப்போட்ட தாளிப்புக்கு அலறியது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேங்காய்த் தொட்டிக் கனலில் சாம்பிராணி போட்டதும் அலறியது. சனிக்கிழமை அம்மா ஸ்டூல் போட்டு ஏறி பேட்டரியைக் கழற்றி, டி.வி. ரிமோட்டுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நம் ஊரில் வாங்கப்பட்ட டப்பாக்கள் பலவற்றின் முடிவும் இதுதான். கருவி கெட்டுப்போவதால் ஊமையாவது குறைவு, வீட்டார் கையாலேயே ஊமையாவது அதிகம். அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஐந்தில் மூன்று பேர் அலாரம் இல்லாத அல்லது இருந்தும் வேலை செய்யாத வீட்டில் இறக்கிறார்கள் என்று அங்குள்ள தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் சொல்கிறது. வேலை செய்யாமல் போனதற்கு முக்கியக் காரணம் பேட்டரி இல்லாததும் தீர்ந்துபோனதும்தான்.

அடுப்பிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாமி அறையிலிருந்தும் அதே தூரம் விடலாம், ஏட்டில் இல்லாவிட்டாலும். குளியலறைக் கதவுக்கு எதிரேயும் வேண்டாம், வெந்நீர் ஆவியைப் புகை என்று நினைத்துக்கொள்ளும். படுக்கிற அறைக்குள் ஒன்று, படுக்கையறைகளுக்கு வெளியே உள்ள நடையில் ஒன்று, மாடி இருந்தால் அங்கே ஒன்று. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில். புகை மேலே ஏறும் என்பதால் மேல்தளத்தில் மாட்டுவது உத்தமம். சுவர் என்றால் மேல்தளத்திலிருந்து ஓர் அடிக்குக் கீழே போகக் கூடாது.

வெளிநாட்டுக் கையேடுகள் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒரு விஷயம் சேலத்தில் பெரிய விஷயம்: ஃபேன். பங்குனி, சித்திரையில் ராத்திரி முழுக்க ஃபேன் ஐந்தில் சுற்றுகிறது. அது கீழே தள்ளுகிற காற்றில் புகை கலைந்து டப்பாவுக்கு எட்டத் தாமதமாகும். ஃபேன் இறக்கையின் நுனியிலிருந்து மூன்று அடியாவது தள்ளி மாட்ட வேண்டும். ஏ.சி. காற்று நேராக அடிக்கிற இடமும் ஆகாது. அப்புறம் வெக்கை. பல வீட்டு அலாரங்களின் கையேட்டில் 4 முதல் 38 டிகிரி வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும். ஏப்ரலில் சேலத்தில் வெளியிலேயே 40-ஐத் தொடுகிறது. தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ போட்ட அறையில் கூரையை ஒட்டி மாட்டினால் அது எப்படி நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட வீட்டில் கூரையில் வேண்டாம், சற்று இறக்கிச் சுவரில் மாட்டலாம்.

மலைமேல் வேறு கதை. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மார்கழியில் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி அறைக்குள் நடந்து வரும். ஒரு முறை அங்கே தங்கியிருந்தபோது விடியற்காலையில் ஜன்னலைத் திறந்தேன், அறை அலாரம் கத்தியது. ஒளி வகைக்குப் பனித்துளியும் ஒன்றுதான், புகைத்துகளும் ஒன்றுதான். ஓடிவந்த விடுதிப் பையன் பழக்கப்பட்ட கையால் அதன்மேல் ஒரு பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, "இப்பத் தூங்குங்க சார்" என்றான். பக்கத்து அறைக்கு எட்டிப் பார்த்தேன், அங்கேயும் பை. மலையில் வீடோ விடுதியோ வைத்திருப்பவர்கள் ஜன்னலிலிருந்து தள்ளி உள்சுவர்ப் பக்கம் மாட்டினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அதே குளிரில் இன்னொரு பழக்கம், கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைப்பது. கனிந்த கரியில் புகை இல்லை, அதனால் ஆபத்தும் இல்லை என்று தோன்றும். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் கோழி சுட்ட கரியை அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கிய இரண்டு இளைஞர்கள் காலையில் எழவில்லை. புகை இல்லாத கனலிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு வரும். புகை அலாரத்துக்கு அது தெரியாது, அதற்குத் தனி அலாரம் உண்டு. அறைக்குள் கரி வைக்காமல் இருந்தால் அதை வாங்க வேண்டிய தேவையே இல்லை.

கேஸும் அப்படித்தான். சமையல் கேஸ் கசிந்தால் புகை அலாரம் மூச்சுவிடாது. கசிவு காட்டும் கருவி தனி, அதை மாட்ட வேண்டிய இடமும் தலைகீழ். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதனால் கருவி தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். 2021 நவம்பரில் கருங்கல்பட்டியில் சிலிண்டர் விபத்தில் வீடுகள் இடிந்து உயிர்கள் போனதை ஊரே பார்த்தது. கேஸுக்கென்று சொந்த வாசனை கிடையாது. நாம் முகர்கிற அந்த நாற்றம் எத்தில் மெர்காப்டன், கசிந்தால் தெரிய வேண்டும் என்றே கலப்பது. ஆனால் மேலே சொன்னபடி, தூங்கும் மூக்குக்கு அதுவும் பயன்படாது. ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுப்பது எந்தக் கருவியையும்விட மலிவு. காலையில் நாற்றம் அடித்தால் லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், எரிகிற லைட்டை அணைக்கவும் வேண்டாம், இரண்டிலும் பொறி உண்டு. கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்கு அழைக்கலாம். ஆரஞ்சு நிறச் சுரக்‌ஷா டியூபை ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்பது டியூபின் மேலேயே அச்சடித்திருக்கிறது. யாரும் படிப்பதில்லை.

வீடும் தொழிலும் ஒரே கூரைக்குள் இருப்பது சேலத்தின் தனிக் குணம். செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் முன்கட்டில் கொலுசுப் பட்டறை, பின்கட்டில் குடும்பம். டார்ச் வைத்துப் பற்றவைக்கிற இடத்தில் புகை அலாரம் நாள் முழுக்கக் கத்தும். தறிக்கூடத்திலோ பஞ்சுத் தூசி படிந்து ஒரே மாதத்தில் அதன் மூக்கு அடைத்துவிடும். இப்படிப்பட்ட இடங்களுக்கு, சுமார் 57 டிகிரி வெப்பம் வந்தால் அடிக்கிற வெப்ப அலாரம் பொருத்தம். புகை அலாரத்தை இரண்டு கட்டுக்கும் நடுவே உள்ள கதவுக்கு இந்தப் பக்கம், குடும்பம் படுக்கிற பக்கம் மாட்ட வேண்டும். அந்தக் கதவை ராத்திரி சாத்தி வைப்பதும் பாதி பாதுகாப்பு. சாதாரண மரக்கதவுகூடப் புகையைச் சில நிமிடம் நிறுத்திவைக்கும். தறி ஓடுகிற வீட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. அலாரத்தின் சத்தம் மூன்று மீட்டரில் 85 டெசிபல் அளவு, நான்கைந்து தறி ஒன்றாக ஓடினால் அதைவிட அதிகம். கம்பியில்லாமல் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற அலாரங்கள் கிடைக்கின்றன, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும். ராத்திரி ஷிஃப்ட் ஓட்டுகிற வீட்டுக்கு அவைதான் சரி. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரியிலிருந்து எல்லா வீட்டிலும் அலாரங்கள் இப்படி ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

இங்கே அப்படி யாரும் கேட்கப்போவதில்லை. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயரமான கட்டடம், தீயணைப்பு ஏற்பாடுகளில் கறாரான கேள்விகளும் அதற்குத்தான். சேலத்தில் நம்மில் பெரும்பாலோர் குடியிருப்பது அந்த உயரத்துக்குப் பாதிகூட வராத வீடுகளில். குகையிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் பல சந்துகளில் தீயணைப்பு வண்டி நுழையாது, ஓஸைத்தான் இழுத்துக்கொண்டு வர வேண்டும். 101-க்கோ 112-க்கோ அழைக்கும்போது தெருப் பெயரோடு வண்டி எதுவரை வரும் என்பதையும், வாசலில் இருக்கிற கோயிலையோ டீக்கடையையோ சேர்த்துச் சொன்னால் நேரம் மிச்சம்.

வண்டி வரும்வரை நாம் என்ன செய்கிறோம் என்பதில் எனக்குப் பெரிய பயம் கிரில் கேட்டைப் பற்றியது. திருட்டுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கம்பி, பால்கனிக்குக் கம்பி, வாசலுக்கு மடக்கு கேட், அதில் நவ்தால் பூட்டு. சாவி எங்கே? தலையணைக்கு அடியில், இல்லை பீரோவில், இல்லை வேட்டி மடிப்பில். புகையில் கண் எரிந்து தரையோடு தவழ்ந்து வருகிறவர் பீரோவைத் தேடிப் போக முடியாது. மின் ஸ்கூட்டரைச் சார்ஜ் போட மாடிப்படிக்கு அடியில்தான் பிளக் இருக்கிறது, அந்தப் படிதான் மேல்வீட்டுக்காரர்களுக்கு ஒரே வழி. வண்டிக்குச் சார்ஜ் பகலில் போடலாம், வெளியே போடலாம். வழியை மட்டும் அடைக்கக் கூடாது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தட்டுப் போட்டு மூடி அடுப்பை அணைக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஃப்ரிட்ஜும் ஹீட்டரும் சேர்ந்து ஓடக் கூடாது. தீக்காயத்துக்கு 20 நிமிடம் குழாய்த் தண்ணீர், பேஸ்டும் மையும் இட்லி மாவும் வேண்டாம்.

அலாரத்தில் இருக்கிற சோதனை பட்டனை மாதம் ஒரு முறை அழுத்தச் சொல்வார்கள். நான் பகலில் அழுத்துவேன், அது அலறும், திருப்தியாக இறங்கிவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 11 மணிக்கு, எல்லாரும் தூங்கிய பிறகு யாருக்கும் சொல்லாமல் அழுத்தினேன். மனைவி எழுந்து திட்டினாள். ஒன்பது வயதுப் பையன் புரண்டு படுத்தான். அடுத்த அறையில் அம்மா அசையவே இல்லை. அப்புறம்தான் தேடிப் படித்தேன். வழக்கமான அலாரத்தின் கீச்சென்ற ஒலி 3,000 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே. வயதானால் காது முதலில் இழப்பது அந்த உயர்ந்த ஒலிகளைத்தான். அவர்களுக்கு 520 ஹெர்ட்ஸ் கனத்த ஒலி நன்றாக எழுப்பும், ஆனால் அந்த வகை இங்கே எளிதில் கிடைப்பதில்லை. குழந்தைகளின் தூக்கம் இன்னும் கெட்டி, கூப்பிட்டுக் குலுக்கி எழுப்ப வேண்டும். அதனால் இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு பொறுப்பு. பையன் மனைவிக்கு, அம்மா எனக்கு. வெளியே வந்ததும் எதிர்வீட்டு வேப்ப மரத்தடியில் தலை எண்ணிக்கை.

இரண்டாவது முறை சொல்லிவைத்துச் செய்தோம். மரத்தடிக்கு வர இரண்டு நிமிடத்துக்கு ஐந்து நொடி குறைவு. அம்மா கண்ணாடியைத் தேடியதில் கொஞ்ச நேரம் போனது. மீதி முழுக்க நான் கேட் சாவியைத் தேடியது. அன்றைக்கே கேட்டுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து கை விட்டால் எட்டாத தூரத்தில், மூன்றடி உயரத்தில் ஓர் ஆணி அடித்தோம். பையனுக்கும் எட்டும், தவழ்ந்து வருகிறவருக்கும் எட்டும். எட்டுகிறது என்பதற்காகவே அவன் பகலில் சாவியை எடுத்து எங்காவது போட்டுவிடுகிறான். ராத்திரி படுக்கப் போகுமுன் ரெகுலேட்டரை மூடிவிட்டு, சாவி ஆணியில் தொங்குகிறதா என்று தொட்டுப் பார்ப்பதை அம்மா தன் வேலையாக எடுத்துக்கொண்டுவிட்டார்.